வீடு யார் பெயரில்?



"வீட்டைக் கட்டிப் பார், கலியாணத்தைச் செய்து பார்" என்பது எங்கள் முதியோர் வாக்கு. இரண்டும் மனிதரைச் சோதித்துப் பார்க்கும் காரியங்கள். தெஹிவளை, கல்கிசை, இரத்மலானை என்று கொழும்புக்குத் தெற்கே கடலோரமாக வாழும் எங்களில் பலருக்கு வீட்டைக் கட்டிப் பார்க்க நிலமில்லை. கட்டியிருப்பதை வாங்கித்தான் பார்க்க வேண்டும். ஆனால் சோதனை மட்டும் குறையவில்லை.

ஒரு வீட்டுக்காகப் பத்து வருடம் சீட்டுப் பிடிக்கிறோம். தாலிக்கொடியைத் தவிர மற்ற நகையெல்லாம் வங்கிக்குப் போகிறது. வெளிநாட்டில் இருக்கும் பிள்ளையோ சகோதரமோ இரவு வேலை செய்து பணம் அனுப்புகிறார்கள். இத்தனைக்கும் பிறகு நொத்தாரிசின் மேசையில் பத்து நிமிடத்தில் உறுதி எழுதி முடிகிறது. அந்தப் பத்து நிமிடத்தில் எந்தப் பெயர் எழுதப்பட்டதோ அந்தப் பெயருக்குத்தான் வீடு. பணம் யாருடையது, நகை யாருடையது, அடுப்படியில் நின்று மிச்சம் பிடித்தது யார் என்பதெல்லாம் உறுதியில் எழுதப்படுவதில்லை.

வீடு பார்க்கப் போனால் சமையலறையைப் பார்ப்பவர்கள் நாங்கள்; உறுதியைப் பார்ப்பவர்கள் ஆண்கள். இந்த வேலைப் பிரிவினை எங்களுக்கு எவ்வளவு நட்டத்தைத் தந்திருக்கிறது என்பதை இந்த மாதம் பேசுவோம்.

வாடகை வீட்டின் கதை

வெள்ளவத்தை வாய்க்காலைத் தாண்டினால் தெஹிவளை–கல்கிசை மாநகரசபை எல்லை. ஒரு பக்கம் காலி வீதி. மறுபக்கம் கரையோர ரயில் பாதையும் கடலும். இடையில் உள்ள ஒடுங்கிய ஒழுங்கைகளில் சிங்களவர், முஸ்லிம்கள், தமிழர், பறங்கியர் என்று எல்லோரும் சுவரோடு சுவராக வாழ்கிறோம். பள்ளிக்கூடம், ஆஸ்பத்திரி, ரயில், பஸ் எல்லாம் கிட்ட. அதனால்தான் காணிக்கும் விலை அதிகம்.

இங்கே சொந்த வீடு என்பது வசதிக்கான ஆசை மட்டுமல்ல. 1983 யூலையில் வெள்ளவத்தை, தெஹிவளை, இரத்மலானைப் பகுதிகளில் தமிழரின் வீடுகள் எரிந்தன. வடக்கே போனவர்களும் நாட்டை விட்டுப் போனவர்களும் பலர். பிறகு 1990களில் யுத்தத்தால் இடம்பெயர்ந்து வந்தவர்கள் இதே ஒழுங்கைகளில் அறையும் அனெக்ஸும் தேடினார்கள். ஒரு வருட வாடகை முற்பணம். பொலிஸ் பதிவு. இரவில் கதவைத் தட்டினால் காட்ட அடையாள அட்டை. 2007 யூன் 7ஆம் திகதி கொழும்பு விடுதிகளில் தங்கியிருந்த முந்நூற்றுக்கும் மேற்பட்ட தமிழர் பஸ்களில் ஏற்றி அனுப்பப்பட்டதும், மறுநாள் உயர் நீதிமன்றம் அதற்குத் தடை விதித்ததும் பலருக்கு நினைவிருக்கும்.

இந்த அனுபவத்தை ஆணும் பெண்ணும் ஒருசேர அனுபவித்தார்கள். ஆனால் பெண்ணுக்கு மேலதிகமாக ஒன்று இருந்தது. "தனியப் பொம்பிளைக்கு நாங்கள் வீடு குடுக்கிறேல்லை" என்ற பதிலை விதவைகளும், கணவன் வெளிநாட்டில் உள்ளவர்களும், வேலை பார்க்கும் தனிப் பெண்களும் இன்றும் கேட்கிறார்கள். சொந்த வீட்டின் தேவை அதிகம் உள்ளவர் பெண்ணே. அப்படியிருக்க, வாங்கிய வீட்டில் அவளது பெயர் ஏன் இல்லை?

ஊரில் பெண்ணுக்கு, நகரத்தில் ஆணுக்கு

சமூகவியல் படித்த காலத்தில் என்னை வியக்க வைத்த விடயம் ஒன்று உண்டு. எங்கள் ஊர்களில் வீடு பெரும்பாலும் பெண்ணோடு போவது. யாழ்ப்பாணத்தில் சீதன உறுதி மகளின் பெயரில் எழுதப்படும். மட்டக்களப்பு, அக்கரைப்பற்று, காத்தான்குடிப் பக்கங்களில் தமிழர், முஸ்லிம்கள் இரு சாராரிடமும் மகளுக்கு வீடு கொடுப்பதும், மருமகன் அந்த வீட்டுக்கு வந்து வாழ்வதும் வழமை. டெனிஸ் மெக்கில்வ்ரே என்ற அமெரிக்க மானிடவியலாளர் அக்கரைப்பற்றில் பல காலம் தங்கி ஆராய்ந்து, 2008இல் வெளியிட்ட நூலில் இதை விரிவாக எழுதியிருக்கிறார்.

சீதனத்தை நான் புகழவில்லை. அது எத்தனை குடும்பங்களை முறித்தது என்பது எனது வேலையில் அன்றாடம் காண்பது. ஆனால் அந்தப் பழைய ஏற்பாட்டில் ஒரு பாதுகாப்பு இருந்தது. கணவன் போனாலும் இறந்தாலும் வீட்டை விட்டு வெளியேற வேண்டியவள் மனைவி அல்ல.

குடும்பம் நகரத்துக்கு வந்ததும் இது தலைகீழானது. வீடு இப்போது சீதனமாக வருவதில்லை. வங்கிக் கடனில் வாங்கப்படுகிறது. தரகரோடு பேசுவது ஆண், வங்கிக்குப் போவது ஆண், படிவங்களில் 'குடும்பத் தலைவர்' என்ற கட்டத்தில் எழுதப்படுவதும் ஆண். 2004 டிசம்பர் சுனாமிக்குப் பின் கட்டிக் கொடுக்கப்பட்ட வீடுகளிலும் இதுவே நடந்தது. கிழக்கில் தாயிடமிருந்து வந்த வளவையும் வீட்டையும் இழந்த பெண்கள் பலருக்குக் கிடைத்த மாற்று வீடு, குடும்பத் தலைவர் என்ற பெயரில் கணவனுக்கு எழுதப்பட்டது. கூட்டு உரிமை வேண்டும் என்று பெண்கள் அமைப்புகள் அப்போது குரல் கொடுத்தன. தெஹிவளைத் தொடர்மாடியில் நடப்பதும் அதே கதைதான். அங்கே கடல் கொண்டு போனதை இங்கே எங்கள் கவலையீனம் கொண்டு போகிறது.

மூன்று பெண்கள்

ஆளை இனங்காண முடியாதபடி விபரங்களை மாற்றியே இவற்றை எழுதுகிறேன்.

முதலாமவர் ஓர் ஆசிரியை. வடமராட்சியைச் சேர்ந்தவர். கணவனும் மனைவியும் சேர்ந்து வீட்டுக் கடன் எடுத்தார்கள். இருவரது சம்பளத்தையும் காட்டினால்தான் அந்தத் தொகை கிடைக்கும். உறுதி கணவனின் பெயரில் மட்டும் எழுதப்பட்டது. சில வருடங்களில் கணவன் வேறு குடும்பமானார். "மிஸ், கடனுக்கு ஒப்பம் வைக்கேக்கை என்னையும் கூப்பிட்டவை. உறுதிக்கு ஒப்பம் வைக்கேக்கை நான் பள்ளிக்கூடத்திலை நிண்டனான்" என்றார். கடனில் பெயர் உண்டு, வீட்டில் இல்லை. தவணைப் பணம் அவரது கணக்கிலிருந்தும் போய்க்கொண்டிருந்தது.

இரண்டாமவர் பதினொரு வருடம் குவைத்தில் வீட்டு வேலை செய்தவர். அத்திடியப் பக்கம் எட்டு பேர்ச் காணியும் சிறு வீடும் வாங்கத் தம்பிக்குப் பணம் அனுப்பினார். உறுதி தம்பியின் பெயரில். திரும்பி வந்தபோது அவருக்குக் கிடைத்தது முன் அறையில் ஒரு கட்டில். "கூடப் பொறந்தவன்தானே மிஸ், எழுத்து என்னத்துக்குன்னு நெனச்சேன்" என்று அழுதார். ஆனால் அவர் ஒரு நல்ல காரியம் செய்திருந்தார். வங்கி மூலம் பணம் அனுப்பிய துண்டுகள் அத்தனையையும் ஒரு பிஸ்கட் டின்னில் பத்திரமாக வைத்திருந்தார்.

மூன்றாமவர் அறுபத்தெட்டு வயதுத் தாய். கனடாவில் உள்ள இரு மகன்மாரும் பணம் அனுப்பிக் கல்கிசையில் தொடர்மாடி வீடு ஒன்று வாங்கினார்கள். மகன்மார் வெளிநாட்டுப் பிரஜைகள். அவர்கள் பெயரில் எழுதுவது அப்போது சிக்கலாக இருந்தது. "அம்மாவுக்கு வயது போட்டுது, பிறகு மாத்திறது கரைச்சல்" என்று சொல்லி, கொழும்பில் இருந்த பெறாமகனின் பெயரில் எழுதினார்கள். அவர் தன் வியாபாரத்துக்காக அந்த வீட்டை வங்கிக்கு ஈடு வைத்தார். வியாபாரம் படுத்தது. ஏல அறிவித்தல் வந்தபோதுதான் தாய்க்கு விடயம் தெரிந்தது. மகன்மார் கடனை அடைத்து வீட்டை மீட்டார்கள். ஒரே வீட்டுக்கு இரண்டு முறை பணம் கட்டிய குடும்பம் அது.

மூவரும் படிப்பால், வயதால், ஊரால் வேறுபட்டவர்கள். மூவரும் சொன்ன காரணம் ஒன்றுதான்: "நம்பிக்கை." நம்பிக்கை வேண்டாம் என்று நான் சொல்ல மாட்டேன். நம்பிக்கை உள்ள இடத்தில் பெயரை எழுதுவதற்கு என்ன தடை என்றுதான் கேட்கிறேன்.

சட்டம் என்ன சொல்கிறது?

1923ஆம் ஆண்டின் விவாகமான பெண்களின் ஆதனக் கட்டளைச் சட்டம் முதல், மணமான பெண் தன் பெயரில் சொத்து வாங்கவும் வைத்திருக்கவும் உரிமை உள்ளவள். அப்படியானால் பெயர் இல்லாதபோது என்ன நடக்கும்?

காணி, வீடு பற்றிய எந்தக் கைமாற்றமும் எழுத்தில், நொத்தாரிசும் இரு சாட்சிகளும் முன்னிலையில் நடந்தால்தான் செல்லும். இது 1840ஆம் ஆண்டின் 7ஆம் இலக்கக் கட்டளைச் சட்டம். "பிறகு உன் பெயருக்கு மாற்றித் தருவேன்" என்ற வாய்ப் பேச்சுக்குச் சட்டத்தில் பலமில்லை. ஆனாலும் ஒரு வாசல் திறந்திருக்கிறது. ஒருவர் பணம் கொடுக்க இன்னொருவர் பெயரில் உறுதி எழுதப்பட்டு, அது அன்பளிப்பாகக் கொடுக்கப்பட்டதல்ல என்று தெரிந்தால், பெயர் உள்ளவர் பணம் கொடுத்தவருக்காகவே அதை வைத்திருக்கிறார் என்று 1917ஆம் ஆண்டின் நம்பிக்கைப் பொறுப்புக் கட்டளைச் சட்டம் கொள்கிறது. குவைத்திலிருந்து வந்த சகோதரிக்கு உதவியது இதுவே. பிஸ்கட் டின்னில் இருந்த துண்டுகளைச் சட்டத்தரணி மேசையில் பரப்பியதும் தம்பி பேச்சுக்கு வந்தார். பாதிப் பங்கு எழுதப்பட்டது. பாதிதான். ஆனால் அந்தத் துண்டுகள் இல்லையென்றால் அதுவும் இல்லை.

வடமாகாணத் தமிழருக்கான தேசவழமையில் 'தேடிய தேட்டம்' என்பது உண்டு. மணவாழ்க்கையில் தேடிய சொத்து, யார் பெயரில் இருந்தாலும் இருவருக்கும் உரியது என்பது அதன் மரபுவழிக் கருத்து. ஆசிரியையின் வழக்கு இதன் மேல்தான் நடக்கிறது. ஆனால் பல வருடம் தெஹிவளையில் வாழ்ந்தவர்களுக்குத் தேசவழமை பொருந்துமா என்பதே நீதிமன்றத்தில் வாதிட்டு நிறுவ வேண்டிய விடயம். அதே தேசவழமைக்கான 1911ஆம் ஆண்டுச் சட்டம், மனைவி தன் அசையாச் சொத்தை விற்கக் கணவனின் எழுத்துமூலச் சம்மதம் வேண்டும் என்றும் விதித்தது. ஆகவே தேசவழமைக்கு உட்பட்டவர்கள் இன்று தமது நிலை என்ன என்பதை உறுதி எழுதுமுன் சட்டத்தரணியிடம் கேட்டுத் தெளிவது நல்லது.

கணவன் மரண சாசனம் எழுதாமல் இறந்தால் என்ன? பொதுச் சட்டப்படி மனைவிக்குப் பாதி; மீதி பிள்ளைகளுக்கு. பிள்ளைகள் இல்லையென்றால் அந்த மீதி கணவனின் பெற்றோர், சகோதரர் பக்கம் போகும். முஸ்லிம் சட்டப்படி பிள்ளைகள் இருந்தால் மனைவிக்கு எட்டில் ஒரு பங்கு, இல்லையென்றால் நான்கில் ஒரு பங்கு. வீட்டு விலையில் பாதியைத் தன் உழைப்பால் கொடுத்த மனைவியும் பெயர் இல்லாதபோது வெறும் வாரிசாகவே நிற்கிறாள். பெயர் இருந்தால் தன் பாதி முதலிலேயே தன்னுடையது. மற்றப் பாதியில்தான் வாரிசுப் பங்கு.

உறுதியில் கணவன், மனைவி இருவருக்கும் 'பிரிக்கப்படாத அரைப்பங்கு' என்று எழுத முடியும். அதற்குத் தனிக் கட்டணமோ தனி விண்ணப்பமோ கிடையாது. நொத்தாரிசிடம் சொன்னால் போதும். வெளிநாட்டில் இருப்பவர் தூதரகத்தின் மூலம் அற்றோணித் தத்துவம் எழுதி அனுப்பித் தன் பெயரிலேயே வாங்கலாம். வயதான தாய், பிள்ளைக்கு நன்கொடை உறுதி எழுதுவதாயின் தனக்குச் 'சீவிய உரித்து' வைத்து எழுத வேண்டும். அப்போது உயிருள்ளவரை அவரை எவரும் வெளியேற்ற முடியாது. எழுதிய நன்கொடையைப் பிறகு திருப்பி எடுப்பது மிகக் கடினம் என்பதையும் மறவாதீர்கள்.

வெளிநாட்டுப் பிரஜைகள் காணி வாங்குவதை 2014ஆம் ஆண்டின் 38ஆம் இலக்கச் சட்டம் தடை செய்தது. தொடர்மாடியில் நான்காம் மாடியும் அதற்கு மேலும் உள்ள வீடுகளுக்கு மட்டும், முழுப் பணமும் வெளிநாட்டிலிருந்து வந்தால், விலக்கு இருந்தது. 2018இல் மாடிக் கட்டுப்பாடு தளர்த்தப்பட்டது. இலங்கையின் இரட்டைப் பிரஜாவுரிமை உள்ளவருக்கு இந்தத் தடை இல்லை. கல்கிசைத் தாயோ இலங்கைப் பிரஜை. அவர் பெயரில் எழுத ஒரு தடையும் இருக்கவில்லை.

கையொப்பம் இடுமுன்

எங்கள் பகுதியில் உறுதிகளும் வங்கிப் படிவங்களும் பெரும்பாலும் சிங்களத்தில் அல்லது ஆங்கிலத்தில் இருக்கும். விளங்காத தாளில் ஒப்பமிடாதீர்கள். ஒப்பமிடுபவர் வாசிக்க முடியாதவராயின், சாட்சிகள் முன்னிலையில் வாசித்து விளக்கிய பின்பே நொத்தாரிசு அத்தாட்சி செய்ய வேண்டும் என்பது சட்டம். இதைக் கேட்பது உங்கள் உரிமை. வெட்கப்பட ஒன்றுமில்லை. முற்பணம் கொடுக்குமுன் இவற்றைக் கேளுங்கள்:

காணிப் பதிவகத்தில் தேடிய அறிக்கை. முப்பது வருடமாவது பின்னோக்கிப் பார்த்து, யாரிடமிருந்து யாருக்கு வந்தது, ஈடு உண்டா, வழக்கு உண்டா என்று உங்கள் சட்டத்தரணி சொல்ல வேண்டும். விற்பவரின் சட்டத்தரணி சொன்னால் போதாது.

நில அளவைப் படம். ஒரு பேர்ச் 272 சதுர அடி. படத்தில் உள்ள அளவும் நிலத்தில் உள்ள மதிலும் ஒத்துப்போகின்றனவா, பாதை உரிமை எழுதப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள்.

மாநகரசபைப் பத்திரங்கள். அங்கீகரிக்கப்பட்ட கட்டட வரைபடம், குடியிருப்பதற்கான இணக்கச் சான்றிதழ், வீதிக்கோட்டுச் சான்றிதழ், சோலைவரிப் பற்றுச்சீட்டு. சோலைவரியோ மின்சாரப் பட்டியலோ ஒருவர் பெயரில் வருவதால் வீடு அவருடையது ஆகிவிடாது.

தொடர்மாடியாயின் கூட்டு ஆதனத் திட்டம் பதிவு செய்யப்பட்டதா என்பதே முதற் கேள்வி. 1973ஆம் ஆண்டின் 11ஆம் இலக்கத் தொடர்மாடி ஆதனச் சட்டப்படி அது பதிவான பின்புதான் உங்கள் வீட்டுக்குத் தனி உறுதி எழுதலாம். அதுவரை கையில் இருப்பது வெறும் உடன்படிக்கை. வருடக் கணக்கில் உடன்படிக்கைத் தாளோடு குடியிருப்பவர்கள் இருக்கிறார்கள். மாதாந்தப் பராமரிப்புக் கட்டணம் எவ்வளவு, வாகனத் தரிப்பிடம் உறுதியில் சேருமா, சொன்ன விலையில் பெறுமதி சேர் வரி அடங்குமா என்பவற்றை எழுத்தில் வாங்குங்கள்.

செலவுக் கணக்கில் முத்திரைத் தீர்வையை மறக்க வேண்டாம். விற்பனை உறுதிக்கு முதல் ஒரு இலட்சத்துக்கு 3 சதவீதம், மிகுதிக்கு 4 சதவீதம் என்பது நெடுங்கால வீதம். ஒன்றரைக் கோடி ரூபா வீடென்றால் ஏறக்குறைய ஆறு இலட்சம் அதற்கே போகும். நொத்தாரிசின் கட்டணம் வேறு.

உறுதி எழுதிய பின் அதைத் தாமதமின்றிக் காணிப் பதிவகத்தில் பதிய வேண்டும். ஒரே வீட்டை இருவருக்கு எழுதினால், மோசடியில்லாமல் முதலில் பதிந்தவருக்கே முன்னுரிமை. பதிந்த பிரதியை வாங்கி உங்கள் அலுமாரியில் வையுங்கள்.

கடற்காற்றும் கணக்கில் சேரும்

கடல் தெரியும் பல்கனி அழகுதான். ஆனால் அந்தக் காற்றில் உப்பு இருக்கிறது. மின்விசிறி, குளிரூட்டி, கேற், ஜன்னல் கொளுக்கி எல்லாம் கறள் பிடிக்கும். பழைய கட்டடமாயின் கொங்கிறீட் தட்டின் அடிப்பக்கத்தைப் பாருங்கள். வெடிப்பும் கபில நிறக் கறையும் இருந்தால் உள்ளே கம்பி கறள் பிடித்து ஊதுகிறது என்று பொருள். புதுப் பெயின்றுக்குப் பின்னால் அது மறைந்திருக்கலாம். பக்கத்து வீட்டுத் தட்டையும் பாருங்கள்.

கடல் நீர்மட்டக் கோட்டிலிருந்து 300 மீற்றர் வரை உள்ள நிலம் 1981ஆம் ஆண்டின் கரையோரம் பேணல் சட்டப்படி கரையோர வலயம். அங்கே கட்டுவதற்கும் பெரிதாக்குவதற்கும் கரையோரம் பேணல் திணைக்களத்தின் அனுமதி தேவை. ரயில் பாதைக்கும் கடலுக்கும் இடையில் மலிவாக ஒரு வீடு கிடைக்கிறது என்றால் விற்பவருக்கு உறுதியே இருக்கிறதா என்று முதலில் கேளுங்கள். கடலரிப்பும் கதையல்ல. 2020இல் கல்கிசைக் கடற்கரையில் மணல் நிரப்பினார்கள். அதில் ஒரு பகுதி விரைவிலேயே அலையோடு போய்ப் பெரும் விவாதமானது.

கடலை விட்டு உள்ளே போனால் வேறு பிரச்சினை. அத்திடியப் பக்கம் பெல்லன்வில–அத்திடிய சதுப்பு நிலம் 1990இல் சரணாலயமாக்கப்பட்டது. அதைச் சூழவும் வாய்க்கால் ஓரங்களிலும் தாழ்ந்த நிலம் உண்டு. நிரப்பிய காணியாயின் அதற்கான அனுமதிப் பத்திரத்தைக் கேளுங்கள். வெயில் நாளில் வீடு பார்க்காமல், கடும் மழைக்கு மறுநாள் போய்ப் பாருங்கள். இரவு எட்டு மணிக்கும் ஒரு தடவை போங்கள். ஒழுங்கையில் விளக்கு எரிகிறதா, பஸ் தரிப்பிடத்திலிருந்து தனியாக நடந்து வர முடியுமா என்று அப்போதுதான் தெரியும். அயல்வீட்டுப் பெண்களோடு பேசுங்கள். வெள்ளம் எந்தப் படி வரை வந்தது என்பதைத் தரகர் சொல்ல மாட்டார், அவர்கள் சொல்வார்கள்.

கடன் தாளில் உங்கள் ஒப்பம்

2022ஐ மறந்துவிட முடியாது. அந்த வருடம் ஏப்ரல் 8ஆம் திகதி மத்திய வங்கி தன் கொள்கை வட்டி வீதங்களை ஒரே நாளில் 7 சதவீதப் புள்ளிகளால் உயர்த்தியது. மாறும் வட்டியில் வீட்டுக் கடன் எடுத்தவர்களின் தவணை அதன்பின் எகிறியது. 50 இலட்சம் ரூபாவை இருபது வருடத்துக்கு 10 சதவீத வட்டியில் எடுத்தால் மாதத் தவணை ஏறக்குறைய 48,000 ரூபா. வட்டி 20 சதவீதமானால் ஏறக்குறைய 85,000 ரூபா. இந்த வித்தியாசம் எங்கிருந்து வந்தது? பிள்ளையின் டியூஷன் காசிலிருந்தும், இரவுச் சாப்பாட்டிலிருந்தும், மிச்சமிருந்த காப்பிலிருந்தும்தான்.

எனவே வட்டி எத்தனை வருடத்துக்கு மாறாது, பிறகு எதை வைத்து மாறும், முன்கூட்டிக் கட்டினால் தண்டம் உண்டா என்று வங்கியில் நீங்களே கேளுங்கள். கடனுக்கான ஆயுள் காப்புறுதியில் உழைக்கும் இருவரும் சேர்க்கப்பட்டிருக்கிறார்களா என்றும் பாருங்கள். கணவனை மட்டும் காப்புறுதி செய்துவிட்டு, மனைவி இறந்தபின் ஒரே சம்பளத்தில் தவணை கட்டத் திணறும் தந்தையரும் உண்டு.

1990ஆம் ஆண்டின் 4ஆம் இலக்கச் சட்டம், ஈடு வைத்த ஆதனத்தை வழக்கின்றியே ஏலம் விடும் அதிகாரத்தை வங்கிகளுக்குக் கொடுத்திருக்கிறது. தம்பியின் கடைக்காக, மகனின் வாகனத்துக்காக வீட்டை ஈடு வைக்க ஒப்பம் கேட்டால் இதை நினைத்துக்கொள்ளுங்கள். ஒரு நாள் யோசித்துச் சொல்கிறேன் என்பது மரியாதைக் குறைவான பதில் அல்ல.

எப்படிக் கேட்பது?

"அவரிட்டை என்ரை பெயரையும் போடுங்கோ எண்டு எப்பிடிக் கேக்கிறது? நம்பிக்கையில்லையோ எண்டு கேப்பாரே" என்று எங்கள் கூட்டமொன்றில் ஓர் இளம் மனைவி கேட்டார். அங்கிருந்த மூத்த பெண்மணி ஒருவர் சொன்ன பதில் எனக்கு மிகவும் பிடித்தது: "பிள்ளை, ஒப்பம் வைக்கிற அண்டைக்குக் கேட்டால் அது சண்டை. முற்பணம் குடுக்க முதல் கேட்டால் அது கதை."

அதுதான் வழி. வீடு தேடத் தொடங்கும்போதே, பணம் எங்கிருந்து வரும் என்று பேசும் அதே இருப்பில், பெயர் பற்றியும் பேசிவிடுங்கள். உங்கள் நகை, சம்பளம், தாய்வீட்டுப் பணம் எவ்வளவு போகிறது என்பதை ஒரு கொப்பியில் திகதியோடு எழுதி வையுங்கள். பணத்தைக் கையில் கொடுக்காமல் வங்கி மூலம் அனுப்புங்கள். மகளுக்கு இதைச் சொல்லிக் கொடுப்பது போலவே மகனுக்கும் சொல்லிக் கொடுங்கள். மனைவியின் பெயரைத் தானாகவே சேர்க்கும் மகனை வளர்ப்பதும் நாங்கள்தானே.

ஏற்கெனவே உறுதி எழுதியாகிவிட்டது என்று மனந்தளர வேண்டாம். இணக்கம் இருக்கும் குடும்பத்தில் இன்றும் அரைப்பங்கை எழுதலாம். பிணக்கு இருந்தால், 1978ஆம் ஆண்டுச் சட்டத்தின்கீழ் அமைந்த சட்ட உதவி ஆணைக்குழு வருமானம் குறைந்தோருக்கு இலவச ஆலோசனையும் வழக்குதவியும் தருகிறது. நீதிமன்றங்களை அண்டி அதன் நிலையங்கள் இருக்கின்றன.

இதை வாசித்து முடித்ததும் வீட்டில் உறுதி எங்கே இருக்கிறது என்று கேளுங்கள். எடுத்துப் பாருங்கள். வாசிக்கத் தெரியாத மொழியாயின் தெரிந்த ஒருவரைக் கொண்டு வாசித்து அறியுங்கள். அதில் உங்கள் பெயர் இருந்தால் சந்தோஷம். இல்லையென்றால் அடுத்து என்ன செய்வது என்று பேசத் தொடங்குங்கள்.

அடுத்த மாதம் சந்திப்போம்.